நின்றுகொண்டிருந்த பிறை

கடலூரில் நிலவைப் படம் எடுக்கிறவர்கள் கடலைப் பார்த்து நிற்பார்கள். பௌர்ணமியன்று தேவனாம்பட்டினம் கடற்கரையில் வரிசையாகக் கைகள் உயர்ந்திருக்கும், ஒவ்வொரு கையிலும் ஒரு போன். மறுநாள் காலையில் அந்தப் படங்களுக்கு ரோஜாப்பூ ஒட்டி, காலை வணக்கம் எழுதி, எனக்கும் அனுப்பி வைப்பார்கள். நான் திறக்காமலே அழித்துவிடுவேன். எனக்கு வேண்டியது மூன்றாம் பிறை. அது மேற்கே தெரியும். அதைப் பிடிக்க, முதுநகரில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஊரைப் பார்த்து நிற்கவேண்டும்.

ஊரைப் பார்த்து நிற்பது இனிமையான காரியமில்லை. தரையெங்கும் புறா எச்சம். பின்பக்கத்து வாய்க்காலில் கோழிக்கடைக் கழிவு மிதக்கும். சூரியன் இறங்கும் நேரத்தில்தான் அதன் வாடை மேலே ஏறும். மேற்கே மூன்று செல்போன் கோபுரங்கள், எண்ணற்ற கேபிள் ஒயர்கள், ஒரு ஒயரில் எப்போதோ மாட்டி இன்னும் விழாமல் தொங்கும் பழைய செருப்பு. இவற்றுக்கு நடுவில் ஒரு கை அகலத்துக்கு வானம் காலியாக இருக்கிறது. அந்த இடத்துக்கு நேராகத் தரையில் சாக்பீசால் மூன்று புள்ளி வைத்திருந்தேன். கேமரா ஸ்டாண்டின் மூன்று கால்களும் அந்தப் புள்ளிகளில் நிற்கவேண்டும்.

இதெல்லாம் அம்மாவுக்காகத் தொடங்கியது. அம்மா சிதம்பரத்தில் அக்கா வீட்டில் இருக்கிறாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் குளியலறையில் விழுந்ததில் இடுப்பெலும்பு உடைந்தது. அதற்குப் பின் கட்டில், நாற்காலி, மறுபடியும் கட்டில். அவள் அறை ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். நினைவு தெரிந்த நாளிலிருந்து மாதாமாதம் மூன்றாம் பிறையைப் பார்த்துவந்தவள் அவள். பார்த்ததும் கண்ணை மூடிக்கொள்வாள். கண்ணைத் திறந்ததும் கையிலிருக்கும் பொன் வளையலைப் பார்ப்பாள். கட்டிலருகே மாதக் காலண்டர் ஒன்று ஆணியில் தொங்கும். பிறை தெரிந்த தேதிக்குப் பென்சிலால் ஒரு வட்டம். மேகம் மறைத்த தேதிக்கு ஒரு கோடு. கோடு போடுவதில் அவளுக்கு வருத்தமே கிடையாது. "இந்த மாசம் இல்ல" என்பாள். அவ்வளவுதான். ஆனால் போடுகிற வட்டம் சரியான வட்டமாக இருக்கவேண்டும். பார்க்காததைப் பார்த்ததாக எழுதும் பழக்கம் அவளுக்கு இல்லை.

விழுந்த பிறகு வந்த முதல் மூன்றாம் பிறையன்று போனில் கேட்டாள்: "நீ மாடில ஏறிப் பாக்குறதுதான? எனக்கு ஒரு போட்டோ புடிச்சி அனுப்பேன். அதப் பாத்துக்குறேன்."

முதல் படம் என் போனில் எடுத்தது. கறுப்புத் துணியில் பால் சொட்டியது போல் ஒரு வெள்ளைப் பொட்டு. அம்மா, "இது என்னாடா, பல்லியோட எச்சமா?" என்றாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பழைய ஜூம் கேமரா ஒன்றை வாங்கினேன். தினமும் டைரி எழுதுகிறவன் ஆகையால் பின்பக்கத் தாள்களை இதற்கென்று ஒதுக்கி, மாதம், மணி, எத்தனை படம், எது தேறியது, ஏன் தேறவில்லை என்று குறித்துவந்தேன். காற்றில் ஸ்டாண்டு ஆடியது. நடுவில் இரண்டு கிலோ அரிசிப் பையைக் கட்டினேன். பொத்தானை அழுத்தும்போது விரலால் நடுக்கம் வந்தது. இரண்டு நொடி கழித்துத் தானே எடுக்கும்படி வைத்தேன். வெளிச்சத்தைக் கொஞ்சம் ஜாஸ்தியாக விட்டால் பிறை வீங்கி மாங்காய்க் கீற்று ஆகிவிடும், குறைத்தால் நூலாகிவிடும். ஆறு மாதத்தில் இரண்டு விதமாக எடுக்கப் பழகினேன். ஒன்றில் கீற்று மட்டும் கூர்மையாக இருக்கும். இன்னொன்றில் கீற்று கொஞ்சம் வீங்கினாலும், மீதி வட்டம் முழுவதும் சாம்பல் நிறத்தில் மங்கலாகத் தெரியும். அம்மாவுக்கு இரண்டாவதுதான் பிடித்தது. "உள்ள முழுசா இருக்குது பாரு. வயிறு தெரியறாப்ல" என்றாள்.

போன ஐப்பசியில் மூன்றாம் பிறையன்று கடலூரில் தூறல். ஆறு பத்திலிருந்து ஏழு ஐந்து வரை குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மேற்கே வானம் ஊறிப்போன அட்டைப்பெட்டி நிறத்தில் இருந்தது. நனைந்த புறா எச்சம் செருப்பில் சேறாக ஒட்டியது. டைரியில் 'இல்லை' என்று எழுதிவிட்டு அக்காவுக்குப் போன் செய்தேன்.

"மேகம்க்கா. அம்மாகிட்ட கோடு போடச் சொல்லிடு."

"கோடா? இங்க கெடச்சிடுச்சிடா!" என்றாள் அக்கா. "ஒங்க மாமா மொட்டமாடிக்குப் போயி புதுப் போன்ல புடிச்சிட்டாரு. அம்மா பாத்துக் கும்புட்டாச்சி, வட்டமும் போட்டாச்சி."

மாமா என்பது அக்காவின் கணவர். கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், நல்ல மனிதர், எதையும் இரண்டு முறை பார்க்காதவர். போனை அம்மா வாங்கினாள்.

"கெடச்சுதுடா. ஆனா இந்த மாசம் நிக்குது."

"என்ன நிக்குது?"

"பிறதான். நட்டுக்குத்தலா நிக்குது. மாப்ளகிட்ட கேட்டேன், போன நிக்க வெச்சிப் புடிச்சேன் அத்த, அதான்னாரு."

அதற்குள் படம் குடும்பத்துக் குழுவில் வந்திருந்தது. இருபது பேர் கட்டை விரலை உயர்த்தியிருந்தார்கள். துல்லியமான படம். பிறையின் உள்விளிம்பில் குழிகள் வரிசையாகத் தெரிந்தன. நான் பத்தொன்பது மாதம் அரிசிப் பை கட்டித் தொங்கவிட்டும் கிடைக்காத குழிகள். முதலில் வந்தது பொறாமைதான், அதை மறைக்கவில்லை. ஆனால் பிறை நிஜமாகவே நின்றுகொண்டிருந்தது, அடைப்புக்குறி மாதிரி, இரண்டு முனையும் இடப்பக்கம் பார்த்து. நம் ஊரில் மூன்றாம் பிறை நிற்காது. மாசி, பங்குனியில் படகு மாதிரி மல்லாந்து படுத்திருக்கும். ஐப்பசியில் கொஞ்சம் சாய்ந்திருக்கும். நிமிர்ந்து நிற்பதெல்லாம் வடக்கே வெகுதூரத்து நாடுகளில். போனை எப்படிப் பிடித்தாலும் தரை கீழேதானே இருக்கும்?

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கேமராப் பையை எடுத்துக்கொண்டு மத்தியானப் பேருந்தில் கிளம்பினேன். என் மனைவி கேட்டாள்: "ஒரு போட்டோ நிக்குதா படுத்திருக்குதான்னு பாக்கவா செதம்பரம் போறீங்க?" ஆமாம் என்றேன். ஆலப்பாக்கம் தாண்டும்வரை பக்கத்து இருக்கைக்காரர் தன் போனில் யாரோ வாந்தியெடுப்பது போன்ற சத்தத்துடன் ஏதோ சிரிப்பு வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா வீட்டில் காபி குடித்துவிட்டு, விளக்கு வைக்கும் நேரத்தில் மாடிப்படியில் கால் வைத்தேன். அக்கா ஓடிவந்து மறித்தாள்.

"இன்னிக்கி நாலாம் பிற. மேல ஏறாத. கண்ணுல பட்டுச்சின்னா போச்சி."

"பட்டா ஒம் புருஷன் போன்லதான் படும்க்கா, எங் கண்ணுல படாது. மேகம் மூடியிருக்குது."

மாமா உற்சாகமாகப் பின்னால் வந்தார். "என்னா மச்சான், கேமராவெல்லாம் தூக்கிகினு? அத வித்துட்டு இது மாதிரி ஒண்ணு வாங்கிடு. சும்மா காட்டினா போதும், அதுவே பாத்துக்கும்."

"நேத்து எங்க நின்னு எடுத்தீங்க மாமா?"

"இங்கதான்." தண்ணீர்க் குழாய் அருகே போய் நின்றார். "தூறல். மூக்குக் கண்ணாடிய கீழ வெச்சிட்டு வந்துட்டேன். அந்தப் பக்கம் மேகத்துல மங்கலா ஒரு வெளிச்சம். முழு ஜூம் வெச்சி ஒரு தட்டு. ஃபர்ஸ்ட்டு கலங்கலாத்தான் வந்துது. ரெண்டு செகண்டுல பளிச்சின்னு ஆயிடிச்சி."

"அதே பக்கம் இப்ப ஒண்ணு எடுங்க."

"இன்னிக்கிதான் மேகமாச்சே?"

"நேத்தும் மேகம்தான். எடுங்க."

எடுத்தார். திரையில் முதலில் கலங்கல், பிறகு இரண்டு நொடி. பிறை. அதே நின்றுகொண்டிருக்கும் பிறை, அதே குழிகள். ஒரு நாள் வளர்ந்திருக்கவேண்டிய நிலா ஒரு மயிரிழைகூட வளரவில்லை.

மாமா சந்தோஷமாகத் திரும்பினார். "பாத்தியா! மேகத்தையே தாண்டி எடுத்துடிச்சி!"

நான் கேமராவை அவர் காட்டிய திக்கில் வைத்து ஜூமை முழுக்க நீட்டினேன். இரண்டு தெரு தள்ளிப் புதிதாகக் கட்டியிருந்த லாட்ஜின் மொட்டைமாடி. அதில் ஒரு குட்டைக் கம்பம், கம்பத்தின்மேல் பாலாடை நிறத்தில் ஓர் உருண்டை விளக்கு. எங்களுக்கும் விளக்குக்கும் நடுவில், கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி, கறுப்பு பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி. தொட்டியின் வளைந்த பக்கம் விளக்கின் முக்கால் பாகத்தை மறைத்திருந்தது. மிச்சமிருந்த வலப்பக்க ஓரம்தான் பிறை.

படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். என் கேமராவுக்கு இல்லாததை வரையத் தெரியாது. அதனால் இருந்தது தெரிந்தது. தொட்டியின்மேல் காக்காய் எச்சம் வழிந்திருந்தது. விளக்கின் கண்ணாடிக்குள் மழைக்கு வந்த ஈசல்கள் செத்து, இறக்கையும் உடலும் கலந்து அடியில் குவிந்து கிடந்தன. ஓரத்தில் ஒன்றிரண்டு இன்னும் துடித்துக்கொண்டிருந்திருக்கவேண்டும். அந்த இடம் மட்டும் அசைந்து மங்கியிருந்தது. இந்தக் குவியலின்மேல்தான் போன் தன்னிடம் எங்கோ வைத்திருந்த நிலாவின் குழிகளை எடுத்துப் பூசியிருந்தது.

அம்மா இதைத்தான் கண்ணை மூடிக் கும்பிட்டாள். பிறகு பொன்னைப் பார்த்தாள்.

மாமா என் கேமராத் திரையில் குனிந்து வெகுநேரம் பார்த்தார். இரண்டாவது முறையாக ஒன்றை அவர் பார்த்ததை அன்றுதான் கண்டேன். முதலில் சிரித்தார். "லாட்ஜு வெளக்கா! அட நாசமாப் போவ!" பிறகு சிரிப்பு நின்றது.

"மச்சான், அத்தகிட்ட சொல்லிடாத. நல்லாக் கும்புட்டுட்டு நிம்மதியாத் தூங்கினாங்க. வயசான காலத்துல அவுங்க மனசு சந்தோஷமா இருந்தாப் போதாதா?"

"அவ சந்தோஷம் கேக்கல மாமா. பிற தெரிஞ்சுதா இல்லயான்னு கேட்டா. இல்லன்னாலும் அவளுக்கு ஒண்ணும் ஆவாது. கோடு போட்டுட்டுப் படுத்திருப்பா. நமக்குத்தான் இல்லன்னு சொல்ல வாய் வரல."

"நான் என்னா வேணும்னா ஏமாத்தினேன்? போன் காட்டிச்சி, நான் காட்டினேன்."

அவர் சொன்னது உண்மை. பொய் சொல்ல நினைக்காமலே பொய் சொல்ல வைக்கும் பொருளைச் சட்டைப் பையில் வைத்திருந்தார். அதை வாங்கித் தரையில் போட்டு மிதிக்கலாமா என்றிருந்தது. இதையெல்லாம் சொல்லி நன்றாகத் திட்ட வாயைத் திறந்தேன். என் டைரியின் பின்பக்கம் ஞாபகம் வந்துவிட்டது.

அதற்கு ஏழு மாதம் முன்னால், பங்குனி. நெல்லிக்குப்பத்தில் அலுவலக வேலை முடித்துத் திரும்பும்போது கரும்பு டிராக்டர்கள் சாலையை அடைத்துக்கொண்டு நின்றன. பேருந்தில் தூங்கிவிட்டேன். கண் விழித்தபோது மணி எட்டேகால். போனில் அம்மாவின் நான்கு அழைப்புகள். இறங்கும்போதே மாசி மாதப் படத்தை எடுத்து அனுப்பினேன். அன்றிரவு டைரியில் ஒரு எழுத்துப் பிசகாமல் எழுதியும் வைத்தேன்: 'பங்குனி. பேருந்தில். பார்க்கவில்லை. மாசிப் படத்தை அனுப்பினேன்.' டைரிக்கு உண்மை, அம்மாவுக்குப் பொய். எழுதி வைத்ததனாலேயே ஏதோ நேர்மை காத்துவிட்டதாக ஏழு மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். மாமாவின் பொய்யை ஒரு எந்திரம் செய்தது. என் பொய்யை நான் விழித்துக்கொண்டே, தேர்ந்தெடுத்து, நல்ல படமாகப் பார்த்துச் செய்தேன். ஈசல் குவியலைப் பார்த்தபோது வந்த அருவருப்பு இப்போது என்மேலேயே வந்தது.

கீழே இறங்கினோம். அக்கா எங்கள் முகத்தைப் பார்த்து, "பாத்துட்டீங்களா நாலாம் பிறய?" என்று பதறினாள். நான் நேரே அம்மாவின் அறைக்குப் போய் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"நேத்துப் பாத்தது பிற இல்லம்மா. லாட்ஜு மாடி வெளக்கு. மேகத்துல மாமா கண்ணாடி போடாமத் தெரியாம எடுத்துட்டாரு. போன் அத நெலாவா மாத்திடிச்சி."

கேமராவைக் காட்டினேன். கண்ணருகே வைத்துப் பார்த்தாள்.

"இது என்னாது உள்ள, நெல்லு மாதிரி?"

"செத்த ஈசல்."

"த்தூ." கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். வளையலையும் சேர்த்துத் துடைத்தாள். "நான்தான் சொன்னனே, நிக்குதுன்னு. சொன்னனா இல்லயா மாப்ள?"

வாசலில் நின்ற மாமா, "சொன்னீங்க அத்த" என்றார்.

"இன்னொண்ணு இருக்குதும்மா." பங்குனியைச் சொன்னேன். பேருந்து, தூக்கம், மாசிப் படம் எல்லாவற்றையும் வரிசைப்படி சொன்னேன். சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, காலண்டரைப் பார்த்தாள். அக்காவிடம் ரப்பர் கேட்டாள். ஐப்பசித் தேதியின் வட்டத்தை அழுத்தி அழித்துக் கோடு போட்டாள். பிறகு தாள்களைப் பின்னால் புரட்டி, பங்குனிப் பிறை விழுந்த ஏப்ரல்வரை போய் அந்த வட்டத்தையும் அழித்தாள். பழைய பென்சில் சரியாக அழியவில்லை. தாள் கிழிந்து, கோடு போட இடமில்லாமல் ஒரு ஓட்டையானது.

"அவருக்காவது கண்ணாடி இல்ல" என்றாள். "ஒனக்கு என்னாடா?"

ரப்பரை அக்காவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "இனிமே போட்டோ வாணாம். எனக்கு அனுப்பாத. நீ ஒங் கண்ணால பாரு. பாத்துட்டுப் போன் பண்ணு. படுத்திருக்குதா, எந்தப் பக்கம் சாஞ்சிருக்குதுன்னு சொல்லு. நான் கேட்டுக்குறேன். பாக்கலன்னா பாக்கலன்னு சொல்லு."

ஏமாற்றியவன் வாய்ச்சொல்லையே அவள் ஏன் கேட்டாள் என்று கடைசிப் பேருந்தில் திரும்பும்போது யோசித்தேன். அவளுக்கு வேறு வழி இல்லை, அதுதான் காரணம். அது எனக்கு ஆறுதலாக இல்லை.

கார்த்திகையில் மழை, பாக்கல என்றேன், சரி என்றாள். மார்கழியில் பார்த்தேன். தையில் நடந்ததைத்தான் எழுதவேண்டும்.

தை மாதத்து மூன்றாம் பிறையன்று வானம் காலியாக இருந்தது. அனுப்பக்கூடாது என்றுதான் சொன்னாள், எடுக்கக்கூடாது என்று சொல்லவில்லையே என்று கேமராவை மேலே கொண்டுபோனேன். பிறை வரும் இடத்தைப் பகலிலேயே கணக்கிட்டு, நடுக் கோபுரத்தை அடையாளம் வைத்து, சாக்பீஸ் புள்ளிகளில் ஸ்டாண்டை நிறுத்தியிருந்தேன். ஆறரைக்குக் கேமராத் திரையை உயிர்ப்பித்ததும் பிறை அதற்குள் தயாராக வந்து படுத்திருந்தது. குனிந்தவன் நிமிரவில்லை. வெளிச்சத்தைக் குறைத்து, கூட்டி, சாம்பல் வட்டத்துக்கு ஒன்று, கீற்றுக்கு ஒன்று என்று பதினொரு படம். பதினொன்றாவதில் உள்விளிம்பில் முதல்முறையாக ஒரு குழி தெரிந்தது. நிஜமான குழி. போன் அடித்தது.

"பாத்தியாடா?"

"பாத்தேம்மா. சூப்பரா..."

"எப்டி இருக்குது?"

சொல்வதற்காக நிமிர்ந்தேன். கோபுரத்தின் பக்கத்தில் மேகத்திட்டு ஒன்று வந்து உட்கார்ந்திருந்தது. பிறை இல்லை. குனிந்து திரையைப் பார்த்தேன், அங்கும் இல்லை. கடைசிப் படத்தை எடுத்துப் பார்த்தால் சொல்லிவிடலாம், படுத்திருக்கிறது, இடப்பக்கம் கொஞ்சம் சாய்ந்து. கட்டைவிரல் அந்தப் பொத்தான்மேல் இருந்தது. அப்போதுதான் தெரிந்தது, அன்று மாலை முழுவதும் நான் வானத்தை ஒருமுறைகூட ஏறிட்டுப் பார்க்கவில்லை.

"இரும்மா. மேகம் வந்திருச்சி."

"அப்ப முன்னாடி பாக்கலயா? கண்ணால?"

"கேமராவுலதாம்மா பாத்தேன்."

"எட்டு மணி வரைக்கும் முழிச்சிருப்பேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

கேமராவை மூடிப் பைக்குள் போட்டேன். வாய்க்கால் வாடைக்குள், புறா எச்சத்தின்மேல், கழுத்தை அண்ணாந்துகொண்டு நின்றேன். திட்டு நகரவில்லை; பின்னாலேயே இன்னொன்று வந்தது. ஒயரில் அந்தச் செருப்பு தொங்கிக்கொண்டிருந்தது. பையில் பதினொரு பிறை இருந்தது. ஒன்றுகூட அம்மாவுக்கு ஆகாது. எட்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கூப்பிட்டேன்.

"இல்லம்மா."

"சரி. கோடு போட்டுடறேன்" என்றாள் அம்மா.